பாத்திரத்தோடு கடைக்குப் போங்கள்

கேள்வி: தாம்பரம் பக்கத்தில் வசிக்கிறோம். நான்கு பேர் கொண்ட குடும்பம். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். கடைக்குத் துணிப்பைதான் எடுத்துச் செல்கிறோம். இருந்தும் குப்பைக்கூடையில் பாதி பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. பேப்பர் கப், மக்கும் பை என்று மாறினால் சரியாகுமா? விரைவில் மகளுக்குக் காதணி விழா வைத்திருக்கிறோம், 300 பேர் வருவார்கள். அதையாவது பிளாஸ்டிக் இல்லாமல் நடத்த முடியுமா?

பதில்:

விழாவை நிச்சயமாக அப்படி நடத்த முடியும். வீட்டுக் குப்பையையும் பெருமளவு குறைக்க முடியும். ஆனால் பேப்பர் கப்பும் மக்கும் பையும் அதற்கான வழி இல்லை. நல்ல மனத்தோடு தொடங்கும் பல குடும்பங்கள் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் முதலில் இதைப் பேசிவிடுகிறேன்.

பேப்பர் கப்பின் உட்புறத்தில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் காகிதம் தேநீரில் ஊறிப் பிய்ந்துவிடும். அந்தப் படலத்தைக் காகிதத்திலிருந்து பிரிப்பது எளிதல்ல என்பதால், பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடுத்துக்கொள்வதில்லை. உரக்குழியில் போட்டாலும் படலம் அப்படியே கிடக்கும். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பேப்பர் கப்பில் 100 மில்லி சூடான நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்தபோது ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சு கொண்ட பேப்பர் கப்பும் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

அதே பட்டியலில் இருக்கும் இன்னொன்று நான்-ஓவன் பை. ஜவுளிக்கடைகளிலும் மண்டபங்களிலும் தருகிறார்களே, தொட்டால் துணி போலவே இருக்கும், அதுதான். அது பாலிபுரோப்பிலீன் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்த பிளாஸ்டிக். சந்தேகமாக இருந்தால் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள்: துணி என்றால் நெய்த நூல் வரும், இதில் பஞ்சு போலப் பிசிறு வரும், நூல் வராது. வெயிலில் சில மாதம் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடியை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது.

மக்கும் பை என்று விற்கப்படுபவற்றில் உண்மையானவையும் உண்டு. ஆனால் அவை மக்குவதற்குத் தொழில்முறை உர ஆலையில் இருக்கும் உயர்ந்த வெப்பமும் ஈரமும் வேண்டும். உங்கள் தெரு மழைநீர்க் கால்வாயில் விழுந்தால் அவையும் நெடுநாள் அடைத்துக்கொண்டுதான் கிடக்கும். போலிகளும் சந்தையில் உண்டு. கையில் எடுத்துப் பார்த்து வேறுபாடு கண்டுபிடிக்க இயலாது. நான் யாருக்கும் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

துணிப்பைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும், நூற்க, நெய்ய, சாயமேற்ற மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான், ஒரே தடவையில் எறியப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் கணக்கில் அது மேலானதாக இருக்கும். டென்மார்க் அரசு 2018இல் வெளியிட்ட ஆய்வு, எல்லாவகைச் சூழல் பாதிப்புகளையும் சேர்த்து இந்த எண்ணிக்கையை 7,100 என்று போட்டது. குப்பையாகச் சிதறும் பிளாஸ்டிக் கால்வாய்க்கும் மாட்டுக்கும் கடலுக்கும் செய்யும் கேட்டை இந்தக் கணக்குகள் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் நம் ஊரில் துணிப்பையே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அலமாரியில் 40 துணிப்பைகளை மடித்து வைத்துக்கொண்டு, மறந்துபோய் 41ஆவது பையை வாங்குவதில் பயனில்லை. நான்கு பைகள் போதும். கிழிகிற வரை அவற்றையே பயன்படுத்துங்கள்.

எதனால் செய்தது என்பது இரண்டாவது கேள்விதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பழக்கம் இருக்கும்வரை பிளாஸ்டிக்கின் இடத்தில் காகிதம் வரும், காகிதத்தின் இடத்தில் வேறொன்று வரும், குப்பைக்கூடை நிறைந்துகொண்டே இருக்கும். நம்மிடமிருந்து உண்மையில் மறைந்துபோனது, பாத்திரத்தோடு கடைக்குப் போகும் வழக்கம். எண்ணெய்க்குத் தூக்கு, பாலுக்குச் சொம்பு, ஓட்டல் சாம்பாருக்கு அடுக்கு டிபன் கேரியர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரம் வீட்டில் இருந்தது. அவை பெரும்பாலான வீடுகளில் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.

இந்தக் காலத்தில் இது நடக்குமா என்று தயங்க வேண்டாம். இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பாருங்கள். முன்பணம் கொடுத்துக் கேனை வாங்குகிறோம், காலியானதைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துக்கொள்கிறோம். யாரும் கேனைக் குப்பையில் வீசுவதில்லை. ரேஷன் கடைக்குப் போகிறவர்கள் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பையை வீட்டிலிருந்தே எடுத்துப்போகிறார்கள். மாநிலம் முழுவதும் கோடிக்கணக்கான குடும்பங்கள் மாதந்தோறும் இப்படித்தான் பொருள் வாங்குகின்றன. நீலகிரியில் 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முயற்சியால் மதுபானக் கடைகளில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. காட்டோரங்களில் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழித்த பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி கடைக்கே திரும்பின. 10 ரூபாய் மதிப்பு இருந்ததால் பெரும்பாலோர் அதை எறியவில்லை. இந்த ஏற்பாடு குளிர்பானத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் வர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். சட்டம் எழுதுகிறவர்கள் கையில் இருக்கும் மிக வலுவான கருவி இதுதான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டுக்குள் நுழையும் எல்லாப் பிளாஸ்டிக்கையும் அலசிக் காயவைத்து ஒரு சாக்கில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டி, குழந்தைகளையும் கூட வைத்துக்கொண்டு வகை பிரியுங்கள். எந்தக் குவியல் பெரிதோ அங்கே தொடங்குங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், பார்சல் உணவு, மாவுப் பாக்கெட், பால் கவர், நொறுக்குத்தீனி உறை ஆகிய நான்கும்தான் மேலே வரும் என்று நினைக்கிறேன்.

பார்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாள்தோறும் உடம்புக்குள் போகும் விஷயம் இது. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரையும் ரசத்தையும் மெல்லிய பாலிதீன் கவரில் ஊற்றி நூலால் கட்டித் தருகிறார்கள். பிளாஸ்டிக்கில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்கள் சூட்டிலும் எண்ணெயிலும் புளிப்பிலும் எளிதாகக் கசியும். சாம்பாரில் இந்த மூன்றும் உண்டு. இட்லிக்கு வாழையிலை வைத்துக் கட்டும் கடைகள்கூடச் சட்னிக்கும் சாம்பாருக்கும் கவரைத்தான் நம்புகின்றன. வழி எளியது. அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பார்சல் வாங்குவது உங்கள் வழக்கமென்றால், காலையில் எடுத்துப்போன சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவி அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் வாங்கும்போதே "பாத்திரம் கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். பார்சல் கட்டுகிறவர் கவரை எடுத்த பிறகு சொன்னால் அவருக்கும் எரிச்சல், உங்களுக்கும் கூச்சம். டப்பாவுக்குத் தனிக் கட்டணம் போடும் ஓட்டல் என்றால் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். கைப்பேசிச் செயலிகளில் உணவு வரவழைத்தால் ஸ்பூன், ஃபோர்க் வேண்டாம் என்று குறிப்பிட வழி இருக்கிறது. ஆனால் டப்பாக்களைத் தவிர்க்க அங்கே வழியில்லை. அதனால் அந்த ஆர்டர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் ஒரே தீர்வு.

பார்சல் தேநீரும் அப்படித்தான். அலுவலகத்துக்கும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் தேநீரைக் கவரில் கட்டி வாங்கி வருகிறார்கள். ஒரு பிளாஸ்க்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் வைத்துக்கொண்டால் அன்றோடு அது நின்றுவிடும். கடையில் நின்று குடிப்பதானால் கண்ணாடி டம்ளரில் கேளுங்கள். நன்றாகக் கழுவித் தரச் சொல்வதும் உங்கள் உரிமை.

இறைச்சியும் மீனும் வாங்கும்போது மூடி போட்ட எவர்சில்வர் டப்பா எடுத்துச் செல்லுங்கள். அங்கே தரும் கறுப்புக் கவர், பலவகைக் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்த்து உருக்கி, நிறம் தெரியாமலிருக்கக் கறுப்புச் சாயம் கலந்து செய்வது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பையில் உண்ணத் தயாரான உணவைத் தரக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதப்பட்டது. நடைமுறையில் பஜ்ஜியும் போண்டாவும்கூட அதில்தான் வருகின்றன. பாத்திரத்தில் எடை போடும்போது ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பெரும்பாலான மின்னணுத் தராசுகளில் காலிப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கும் பொத்தான் இருக்கும். முதலில் காலி டப்பாவை வைத்துப் பூஜ்யம் போடச் சொல்லுங்கள், பிறகு கறியைப் போடட்டும்.

மாவுக்கும் அதே டப்பாதான். அரைத்து விற்கும் கடைக்காரருக்குப் பாக்கெட் போடும் வேலையும் செலவும் மிச்சம். வழக்கமாகப் பாத்திரம் கொண்டுவருகிறவருக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார்கள்.

பால் கவரை உடனே ஒழிக்க முடியாது. பக்கத்தில் கறந்த பால் ஊற்றுகிறவர் இருந்தால் அவரிடம் வாங்கலாம். நகரத்தில் எல்லோருக்கும் அது அமையாது. ஆனால் பால் கவர் ஒரே வகைப் பாலிஎத்திலீனால் ஆனது, சேர்த்து வைத்தால் பழைய பொருள் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். மூலையைத் தனித் துண்டாக வெட்டி எறியாதீர்கள். கவரோடு ஒட்டியிருக்கும்படி ஒரு கீறல் போட்டு ஊற்றுங்கள். விரல் நுனி அளவுள்ள அந்தத் துண்டை யாரும் பொறுக்குவதில்லை, நேரே சாக்கடைக்குப் போகும். அடுத்தது, அன்றன்றே அலசிக் காயவையுங்கள். பால் நாறும் கவரை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார்.

மளிகையில் சிறு உறைகளைத் தவிர்ப்பதே பெரிய காரியம். ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து ஏழைகளுக்கும் எட்டச் செய்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவர் நோக்கம் நல்லது. கையில் சில்லறை மட்டுமே இருந்தவரும் தலைக்கு ஷாம்பு போட முடிந்தது. ஆனால் அந்த வழி காப்பித்தூள், ஊறுகாய், தேங்காய் எண்ணெய், சலவைத்தூள் என்று எங்கும் பரவியது. இந்த உறைகள் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை. அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் மறுசுழற்சிக்கு ஆகாது. பிற்காலத்தில் சின்னிகிருஷ்ணனின் மகன் தொடங்கிய நிறுவனமே காலி உறைகளைக் கொண்டுவந்தால் புதிய உறை இலவசம் என்று ஒரு விற்பனைத் திட்டம் நடத்தியது. மக்கள் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது என்று தயாரிப்பாளர்களைக் கேட்க வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் உங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சிறு உறை தேவையே இல்லை. பெரிய அளவில் வாங்குங்கள், முடிந்தால் சோப்புக் கட்டிக்கும் சீயக்காய்க்கும் மாறுங்கள். பருப்பு, மிளகு, சீரகத்தை மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் பழைய மளிகைக் கடை உங்கள் பகுதியில் இன்னும் இருந்தால் அங்கே வாங்குங்கள். கடலையோ எள்ளோ கொடுத்துச் செக்கில் ஆட்டி வாங்கும் வசதி இருந்தால் எண்ணெய்க் கவரும் மிச்சமாகும். பெரிய அங்காடியில் தக்காளியைக் கவரில் போட்டு விலைச்சீட்டு ஒட்டச் சொன்னால், சீட்டை உங்கள் துணிப்பையின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

நொறுக்குத்தீனிக்கு வேறு வழி சொல்லத் தெரியவில்லை. காரச்சேவு, முறுக்கு விற்கும் கடையில் டப்பாவில் வாங்குங்கள்.

மாதவிடாய் அணையாடைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். கடையில் விற்பவற்றில் மேலுறை, அடித்தாள், ஒட்டும் பட்டை எல்லாம் பிளாஸ்டிக். அவற்றை வெறுங்கையால் பிரிக்க வேண்டியிருப்பவர் தூய்மைப் பணியாளர். சிலிகான் மாதவிடாய்க் கோப்பை கொதிநீரில் சுத்தம் செய்து பல ஆண்டுகள் பயன்படுத்தக்கூடியது. பழகும்வரை சில மாதம் சிரமம் இருக்கும். துவைத்துப் பயன்படுத்தும் துணி அணையாடைகளும் கிடைக்கின்றன. இது அவரவர் உடல், அவரவர் வசதி. வற்புறுத்தக் கூடாத விஷயம். கடையில் வாங்குவதையே தொடர்ந்தால் செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு சிவப்பு அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுங்கள்.

கவலைப்படத் தேவையில்லாதவையும் உண்டு. சமையலறையில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடி வாங்காதீர்கள். சூடானதை மட்டும் அவற்றில் வைக்காமல், உடையும்வரை பயன்படுத்துங்கள். மருந்து அட்டை, ஊசி, குளுக்கோஸ் பாட்டில் போன்றவற்றில் கை வைக்கவே வேண்டாம். கை நடுங்கும் முதியவருக்கும் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் உறிஞ்சுகுழல் தேவைப்படலாம்; அதைக் குறை சொல்வது அநியாயம்.

மறுசுழற்சி இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு பாடு என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கலாம். 2017இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, 2015 வரை மனிதர்கள் உண்டாக்கிய 630 கோடி டன் பிளாஸ்டிக் கழிவில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கிட்டது. 79 விழுக்காடு குப்பைமேட்டிலும் திறந்த வெளியிலும் கிடக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருகிப் படியச் செய்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்காக 2018இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அருமையான வேலை. ஆனால் அந்தச் சாலைக்குக்கூடப் பிரித்துச் சுத்தம் செய்த பிளாஸ்டிக்தான் வேண்டும். சோற்றோடும் குழம்போடும் கலந்து கட்டிய கவர் எதற்கும் உதவாது. சாப்பாட்டு மணத்துக்காக மாடு அதைக் கவரோடு விழுங்கும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். மாட்டின் வயிற்றில் போன பிளாஸ்டிக் செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை, சேர்ந்துகொண்டே போகும். அதனால் மீந்த உணவைக் கவரில் கட்டி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். போகிக்கோ கொசுவுக்கோ பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதையும் அக்கம்பக்கத்தில் பேசி நிறுத்தப் பாருங்கள். அந்தப் புகை முதலில் போவது உங்கள் வீட்டுக் குழந்தைகளின் நுரையீரலுக்குத்தான்.

இனி காதணி விழா. மண்டபத்துக்கும் சமையல் ஒப்பந்தக்காரருக்கும் முன்பணம் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் பேசி எழுதி வாங்க வேண்டும். பிறகு சொன்னால் "ஏற்கெனவே வாங்கிவிட்டோம்" என்பார்கள்.

முதலில் தண்ணீர். இலைக்கு இலை சிறு பாட்டில் வைப்பது இப்போது மரியாதையாகக் கருதப்படுகிறது. ஒரு பந்தியோடு 300 பாட்டில்கள், அதில் பாதிக்கு மேல் இரண்டு மடக்கு குடித்துவிட்டு விட்டுப்போனவை. ஆளுக்கு ஒரு லிட்டர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 20 லிட்டர் கேன் 15 போதும். எவர்சில்வர் டம்ளரைப் பாத்திர வாடகைக் கடையில் எடுங்கள், கூஜாவோடு ஊற்ற இரண்டு பேரை நிறுத்துங்கள், கழுவ ஒருவருக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். பாட்டிலுக்கு ஆகும் பணத்தில் இது அடங்கிவிடும்.

மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் தடைப் பட்டியலில் உள்ளது. வெற்று மேசையைத் துடைத்து இலை போட்டாலே போதும். வாழையிலை அசலாக இருக்கட்டும். வாழையிலைபோலப் பச்சையாக அச்சிட்ட தாள் தட்டுகளில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பாயசத்தை டம்ளரில் ஊற்றலாம். ஐஸ்கிரீமைக் கப்பில் தருவதற்குப் பதில் கூம்பில் கேளுங்கள், அல்லது பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேடையில் மகளின் பெயரைத் தெர்மோகோலில் வெட்டி ஒட்டுவார்கள். அலங்காரத் தெர்மோகோலுக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது என்று சொல்லி, பூவிலோ துணியிலோ கேளுங்கள்.

கடைசியாகத் தாம்பூலப் பை. 300 பைகள் தைக்கிறீர்கள் என்றால், அவை கடைக்குப் போய்வரும் பைகளாக இருக்க வேண்டும். தேங்காயும் வெற்றிலையும் மட்டும் கொள்ளும் குட்டிப் பை வீட்டுக்குப் போனதும் மூலையில் கிடக்கும். ஐந்து கிலோ அரிசி தாங்கும் கெட்டியான துணி, தோளில் மாட்டும் நீளத்தில் கைப்பிடி, அடியில் இரட்டைத் தையல் கேளுங்கள். மகள் பெயரையும் தேதியையும் பெரிய எழுத்தில் அச்சிடாதீர்கள். அடுத்தவர் வீட்டு விழாவின் விளம்பரத்தைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போக யாருக்கும் மனம் வராது. உட்புறத் தையலில் சின்னதாக ஒரு துணிச்சீட்டு வைத்தால் போதும். தையல்காரர் முதல் பையைத் தைத்ததும் அதில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுத் தெருமுனை வரை நடந்து பார்த்துவிட்டு, மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.